மூன்றாவது வைப்பர்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்று ஒரு சிற்றூர். எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கேதான் தயாராயின. 1960களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு எம்ஜிபி கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளூருக்கு, மற்றது கப்பலேறி அமெரிக்காவுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். கிட்டே போனால்தான் தெரியும். உள்ளூர் காரின் முன்கண்ணாடியில் இரண்டு வைப்பர், அமெரிக்கா போகிற காரில் மூன்று. கண்ணாடியில் குறிப்பிட்ட பங்கை வைப்பர் துடைத்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. எம்ஜிபியின் கண்ணாடியோ அகலம் அதிகம், உயரம் குறைவு. இரண்டு வைப்பர் துடைத்து அந்தப் பங்கு வரவில்லை. ஆகவே குட்டையாக மூன்று.

உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னொன்று. உள்ளூர் காரில் சொரசொரப்பான கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டேஷ்போர்டு. அமெரிக்கக் காரில் அதே இடத்தில் நுரைரப்பர் பொதிந்த தடித்த மெத்தை. கார் எதிலாவது மோதி, உள்ளே இருப்பவரின் தலையோ முழங்காலோ இடித்தால் அடி குறைய வேண்டும் என்பதற்காக வைத்தது. எம்ஜி பிரியர்கள் அதற்கு ‘ஆபிங்டன் தலையணை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏளனமாக வைத்த பெயர்தான்.

வண்டிகளின் உதிரிபாக வரைபடங்களோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரே பாகத்துக்கு இரண்டு நாட்டு வரைபடம் மேசைக்கு வரும்போதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையைப் படிக்கப் படிக்க, அது கார்களோடு முடிகிற கதையாக எனக்குத் தோன்றவில்லை. வேலைக்கு ஊர் மாறிப் போகிறவர்கள், புது வீட்டில் வாழப் போகிறவர்கள், உடம்பு பழையபடி இல்லை என்று மருத்துவர் வாயால் கேட்டவர்கள் எல்லோருக்கும் அதில் விஷயம் இருக்கிறது. நாம் கேட்காத நிபந்தனை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. அதை என்ன செய்வது? கார் செய்தவர்களுக்கும் இதே கேள்விதான் வந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்தார்கள்.

நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இதைச் சொல்லும்போது அமெரிக்க அரசாங்கம் ஏதோ அழகுக்கு விரோதி என்பதுபோல் சொல்வார்கள். 1960களின் நடுவில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். 1965இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர், எந்த வேகத்திலும் பாதுகாப்பில்லாத கார்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மறுஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே விற்பதற்காகத் தயாராகும் கார்கள் அதன் விதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். மற்றொரு பக்கம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் கண் எரியும் புகைமூட்டத்தில் கிடந்தது. காரின் புகைதான் வெயிலில் வெந்து அந்த மூட்டமாகிறது என்று கால்டெக் பல்கலைக்கழகத்தின் ஹாகன்-ஸ்மிட் 1950களிலேயே நிரூபித்திருந்தார். 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குழந்தைகள் இருமாமல் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஒரு நாடு நினைத்ததற்காக அதன்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒவ்வொரு விதிக்கும் காரில் ஒரு தழும்பு விழுந்தது. ஜாகுவார் இ-டைப் 1961இல் ஜெனீவா கண்காட்சியில் வந்தபோது அதன் ஹெட்லைட்டுகள் கண்ணாடி மூடிக்குள், மீனின் கண்போல் உடம்போடு ஒட்டிப் படுத்திருந்தன. 1967வாக்கில் மூடி போயிற்று. டேஷ்போர்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த உலோகக் குமிழ் சுவிட்சுகள் போய், இடித்தாலும் குத்தாத தட்டை சுவிட்சுகள் வந்தன. எஞ்சினில் மூன்று கார்புரேட்டர் இருந்த இடத்தில் அமெரிக்கக் காருக்கு இரண்டுதான். 1980வாக்கில் அமெரிக்கா போன போர்ஷே 911 எஸ்சியின் ஸ்பீடோமீட்டரில் எண்கள் 85 மைலோடு நின்றுபோகும். 55ஐ மட்டும் எடுப்பாகக் காட்டவேண்டும் என்பது அப்போதைய விதி, ஏனென்றால் 1974 முதல் நாடு முழுவதும் அதுதான் உச்ச வேகமாக இருந்தது. மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டி ஓடக்கூடிய கார் அது. 85 மைல் என்பது 137 கிலோமீட்டர்தான்.

இவற்றில் மிகப் பெரிய தழும்பு பம்பர்.

மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் முட்டினாலும் ஹெட்லைட் உடையக் கூடாது, பெட்ரோல் டேங்க் ஒழுகக் கூடாது என்று ஒரு விதி. 1973 மாடல்களின் முன்பக்கத்துக்கும், 1974 முதல் முன்பின் இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்தியது. அதுவரை பம்பர் என்பது குரோமியம் பூசிய மெல்லிய நகை. இப்போது அது வேலை செய்தாக வேண்டும். ஐரோப்பாவின் சிறிய கார் கம்பெனிகள் திணறிப்போயின. அவற்றின் பிழைப்பே அமெரிக்கச் சந்தையில் இருந்தது.

எம்ஜிபியை வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் செய்தது இது. 1974இன் பிற்பகுதியில் குரோமிய பம்பரைக் கழற்றிவிட்டு, உள்ளே எஃகும் வெளியே கறுப்பு ரப்பரும் கொண்ட பெரிய மூக்கு ஒன்றைக் காரின் முன்னால் மாட்டினார்கள், பின்னாலும் அப்படியே. தரையிலிருந்து ஹெட்லைட் இத்தனை உயரத்தில் இருக்கவேண்டும் என்று இன்னொரு விதி. காரின் முகத்தை மறுபடி வரைந்தால் செலவாகும். ஆகவே சஸ்பென்ஷனை ஓர் அங்குலம் தூக்கிவிட்டார்கள். முழுக் காரும் ஓர் அங்குலம் மேலே போயிற்று. செலவைக் குறைக்க அதே ஆண்டில் முன்பக்கத்து ஆன்ட்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் திரும்பும்போது கார் ஒருபக்கம் சாய்ந்து போகாமல் பிடித்துவைக்கும் கம்பி அது. உயரம் கூடியது, மூக்கு கனத்தது, பிடித்துவைக்கும் கம்பியும் இல்லை. திரும்புவதற்கென்றே பிறந்த கார் திரும்பத் தயங்கியது. புகை விதிக்காக அமெரிக்கக் காரில் இரண்டு கார்புரேட்டரை எடுத்து ஒன்றை வைத்தார்கள். திறன் எழுபது ஹார்ஸ்பவருக்கும் கீழே இறங்கியது.

இதில் எனக்கு வருத்தம் தருவது பம்பர் அழகாக இல்லை என்பதல்ல. அந்த வரைபடங்களில் அலுப்பு தெரிகிறது. ‘கேட்கிறார்கள், கொடுத்துத் தொலைப்போம்’ என்ற மனநிலையில் ஒரு பொறியாளர் குழு வேலை செய்தால் அது இரும்பிலும் ரப்பரிலும் பதிந்துவிடும். சஸ்பென்ஷனை அவர்கள் ஓரளவு சரிசெய்ய 1977 ஆயிற்று. அதற்குள் மூன்று வருஷக் கார்கள் ரோட்டுக்குப் போய்விட்டன. அந்த ரப்பர் மூக்கு அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கும் அதையேதான் விற்றார்கள்.

அதே விதி, அதே காலம், போர்ஷே கம்பெனியின் மேசைக்கும் போயிற்று.

ஸ்டுட்கார்ட் நகரத் தெருவில் நிறுத்தியிருந்த அந்தக் காலத்து 911 ஒன்றை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பம்பர் அலுமினியம், காரின் நிறத்திலேயே பெயின்ட். அது நேராக உடம்போடு ஒட்டவில்லை. பம்பரின் இரு ஓரத்திலும், உடம்பைத் தொடும் இடத்தில், கறுப்பு ரப்பரில் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக ஒரு துண்டு. முட்டினால் பம்பர் பின்னால் நகரும், துருத்தி மடிந்து இடம் கொடுக்கும். குனிந்து அந்த மடிப்புகளைப் பார்த்தபோது, முன்சக்கர வளைவிலிருந்து வரும் கோடு துருத்தியைத் தாண்டி பம்பரில் தொடர்வது தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. வண்டியின் முதல் வரைபடத்திலேயே பம்பர் இருந்ததுபோல் இருக்கிறது. உண்மையில் 911 அதற்குப் பத்தாண்டு முன்பே பிறந்த கார்.

அனடோல் லபீன் தலைமையிலான வடிவமைப்புப் பிரிவு செய்த வேலை அது. லபீன் ரீகா நகரில் பிறந்தவர், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துவிட்டு போர்ஷேவுக்கு வந்தவர். அமெரிக்கா என்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று உள்ளிருந்து தெரிந்தவர். போர்ஷே செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. இந்த பம்பரை அவர்கள் ‘அமெரிக்க பம்பர்’ என்று தனியாக ஒதுக்கவில்லை. 1974 மாடல் முதல் ஜெர்மனியில் விற்ற காருக்கும் அதே முகம்தான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அமெரிக்கக் காரில் பம்பருக்குப் பின்னால் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர், முட்டினால் உள்ளே போய்த் திரும்பி வரும். ஐரோப்பியக் காரில் அந்த இடத்தில் நசுங்கும் குழாய், முட்டினால் மாற்றிக்கொள்ள வேண்டும். 5 மைல் விதியை அமெரிக்கா 1982இல் பாதியாகத் தளர்த்திவிட்டது. போர்ஷே அந்த பம்பரை விடவில்லை. 1989 வரை அது 911இன் முகமாகவே இருந்தது. இன்றைக்கு அந்த முகத்தைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

விதி ஒன்றுதான். ஒருவர் அதைக் காரில் மாட்டினார், இன்னொருவர் காருக்குள் வரைந்தார்.

என் அண்ணனுக்கு இதயத்தில் பைபாஸ் ஆனபோது இதையேதான் பார்த்தேன். உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, ராத்திரி சீக்கிரம் சாப்பிடு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதே சமயத்தில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட நண்பர் ஒருவர் வீட்டில், எல்லோருக்கும் பழைய சமையல், அவருக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணத்தில் உப்பில்லாத கூட்டு. ஒவ்வொரு வேளையும் அவர் அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சாப்பாட்டு மேசையே அவருக்குத் தண்டனை ஆகிவிட்டது. அண்ணன் வீட்டில் அண்ணிதான் வடிவமைப்பாளர். வீட்டுக்கே ஒரு குழம்புதான் என்று முடிவு செய்தார். உப்பைக் குறைத்த இடத்தில் எலுமிச்சையும் மிளகும் வறுத்த மல்லியும் ஏறின. ஊறுகாய் ஜாடி வீட்டைவிட்டே போயிற்று. ஏழு மணிச் சாப்பாடு பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏழு மணி ஆனது. நான் போயிருந்தபோது அந்த வீட்டில் நோயாளி யார் என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குழம்பு நன்றாகவே இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் போர்ஷேகாரர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பம்பரில் ஜெயித்த அதே கம்பெனி புகையில் தடுமாறியது. 1970களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன 2.7 லிட்டர் எஞ்சின்கள் பலவற்றில் ‘தெர்மல் ரியாக்டர்’ என்ற ஒன்றை, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்திலேயே பொருத்தினார்கள். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியை அங்கேயே சூட்டில் எரித்துவிடுவது திட்டம். 911 எஞ்சினோ காற்றால் குளிர்வது. ஏற்கெனவே சூடு தாங்கத் திணறும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பைக் கொண்டுபோய் வைத்ததாயிற்று. அந்த எஞ்சினின் உடல் மெக்னீசியக் கலவை. சூட்டில் அது விரிந்து தளர, சிலிண்டர் தலையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. 1978இல் அலுமினிய உடலோடு 3 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் அந்த வேதனை தீர்ந்தது. பம்பரின் வரைபடத்தில் இருந்த நிதானம் இங்கே இல்லை. தேதி நெருங்கிவிட்டதே என்ற அவசரம்தான் இருந்தது.

புகைக்கு நல்ல விடை கிடைத்தது வேறு பாதையில். அதுவும் போர்ஷேயின் ஊரான அதே ஸ்டுட்கார்ட்டில்தான், பாஷ் கம்பெனியில். கலிஃபோர்னியாவின் புகை விதி அப்போது உலகத்திலேயே மிகக் கடுமையான விதிகளில் ஒன்று. அதைத் தொட வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் மிகத் துல்லியமான விகிதத்தில் கலக்க வேண்டும். அப்போதுதான் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தன் வேலையை முழுதாகச் செய்யும். பாஷ் பொறியாளர்கள் ஒரு சிறிய பீங்கான் குப்பியைச் செய்தார்கள். விரல் நுனி அளவுதான், மேலே பிளாட்டினப் பூச்சு. சைலன்சர் குழாயில் அதைச் செருகினால், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்பதை ஒரு மின்னழுத்தமாகச் சொல்லும். அதைக் கேட்டு எஞ்சின் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், நொடிக்குள். லாம்ப்டா சென்சார் என்று பெயர். 1976இல் அமெரிக்கா போன வோல்வோ கார்களில் முதலில் வந்தது. 1980இல் அமெரிக்க 911க்கும் வந்தது.

இந்தச் சிறிய குப்பி வந்தபோது ஐரோப்பியச் சாலைகளில் அதற்குத் தேவையே இல்லை. ‘அமெரிக்கர்கள் எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறார்கள்’ என்ற பேச்சு அங்கே இருந்த காலம். 1993இல் ஐரோப்பாவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல் புதுப் பெட்ரோல் கார் விற்க முடியாத நிலைக்கு வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. இன்று நம் தெருவில் ஓடும் பிஎஸ்-6 மோட்டார் சைக்கிளின் சைலன்சர் குழாயிலும் அந்தக் குப்பியின் வாரிசு ஒன்று இருக்கிறது. நெருக்கடியை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டவர்கள் பதினைந்து ஆண்டு முன்னால் போய்விட்டார்கள். மற்றவர்கள் பின்னால் வந்து அவர்களிடமே வாங்கிக்கொண்டார்கள்.

விதிகளை உற்றுப் பார்த்தால் அந்தந்த நாடு மனிதரை எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரியும். ஏர்பேகை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்தவர் சீட் பெல்ட் போட்டிருப்பார் என்ற எண்ணத்தில் ஐரோப்பா அதை அமைத்தது. பெல்ட்டுக்குத் துணையாக, கொஞ்சம் சிறியதாக. பெல்ட் போடாதவரும் பிழைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது. ஆகவே அங்கே பை பெரிது, விரியும் வேகமும் அதிகம். அந்த வேகத்தாலேயே சில குழந்தைகளும் குள்ளமானவர்களும் இறந்துபோக, 1990களின் கடைசியில் வேகத்தைக் குறைத்தார்கள். இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பெல்ட் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகனையும் பெற்றவள் காப்பாற்றத்தான் பார்ப்பாள். ஒரு நிபந்தனை எரிச்சலூட்டும்போது, அதை எழுதியவர் எந்த மரணத்தைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி எரிச்சல் போய்விடும். மீதிப் பாதியோடு வேலை செய்யலாம்.

எரிச்சலை விடாதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் இந்தக் கதையில் ஓர் அத்தியாயம் உண்டு. 1980களில் டாலர் மதிப்பு ஏறியிருந்தது. ‘உண்மையான கார் ஐரோப்பாவில்தான் இருக்கிறது, நமக்குத் தருவது நறுக்கியது’ என்ற ஏக்கம் அமெரிக்கப் பணக்காரர்களிடையே பரவியது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 911 டர்போவை போர்ஷே 1980 முதல் 1985 வரை அங்கே விற்கவே இல்லை. ஆகவே ஐரோப்பியக் கார்களைத் தனியாகக் கொண்டுவந்து, கதவுக்குள் இரும்புச் சட்டம் பற்றவைத்து, பக்கவிளக்கு ஒட்டி, கன்வெர்ட்டர் செருகி விதிக்குள் கொண்டுவரும் பட்டறைகள் முளைத்தன. ஆண்டுக்குப் பல்லாயிரம் கார்கள் அப்படி வந்தன. சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன, பல அரைகுறை. வாங்கியவருக்கு உதிரிபாகமும் கிடைக்காது, டீலரும் கைவைக்க மாட்டார். 1988இல் சட்டம் அந்த வாசலைச் சாத்தியது. காருக்கு 25 வயது ஆனால்தான் இனி தடையில்லை.

போர்ஷே 959 கதை இன்னும் சுவையானது. அந்தக் காலத்தின் அதிசயம் அது. மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் கார்தான் செய்தார்கள். மோதல் சோதனைக்கென்று நொறுக்கக் கார் கொடுக்க போர்ஷேவுக்கு மனமில்லை, அமெரிக்கா அனுமதி கொடுக்கவில்லை. பில் கேட்ஸ் ஒன்று வாங்கினார். அவருடைய கார் சுங்கத்துறையின் கையில் பத்து ஆண்டுக்கும் மேலாகக் கிடந்தது. அபூர்வக் கார்களை ஆண்டுக்கு 2,500 மைல் மட்டும் ஓட்டலாம் என்ற விதிவிலக்கு 1999இல் வந்த பிறகுதான் இத்தகைய கார்களுக்கு வழி திறந்தது. உலகத்துப் பெரிய பணக்காரரின் கார் ஓடாமல் நின்ற அத்தனை வருஷமும், சாதாரண அமெரிக்க 911காரர்கள் சனி ஞாயிறு மலைப்பாதையில் தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாடு போன நம் பிள்ளைகள் சிலரிடம் இந்த ஏக்கத்தைப் பார்க்கிறேன், இங்கேயே இருந்துவிட்ட பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். அங்கே இருப்பவனுக்கு ஊரில் நடக்கும் வாழ்க்கைதான் முழுசு. இங்கே இருப்பவனுக்கு அங்கே நடப்பதுதான் முழுசு. தன் கையில் இருப்பதை நறுக்கிய பதிப்பு என்று முடிவு கட்டியவன் அதற்கு எண்ணெய்கூட ஒழுங்காக ஊற்ற மாட்டான்.

இனி பிஎம்டபிள்யூ எம்3. எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது இதுதான். 1992இல் ஐரோப்பாவில் வந்த இரண்டாவது தலைமுறை எம்3க்கு 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 286 ஹார்ஸ்பவர். பானெட்டைத் திறந்தால் அதன் பெருமை தெரியும். சாதாரண எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்றை விட ஒரே ஒரு தடுப்பிதழ்தான். இதில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு. ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் ஆறும் ஒன்றாகத் திறக்கும், சிலிண்டரின் வாயிலேயே காற்று காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை எஞ்சின் மூச்சு வாங்காது. ஆனால் அந்த வேலைப்பாட்டின் விலையோடு அமெரிக்கா போனால் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டும், அங்கே யாரும் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டது. அனுப்புவதில்லை என்ற முடிவு. அமெரிக்க பிஎம்டபிள்யூ கிளப் உறுப்பினர்கள் விடவில்லை, கடிதம் கடிதமாக எழுதினார்கள்.

பிறகு நடந்ததுதான் நல்ல பொறியியல். ஐரோப்பிய எஞ்சினில் எதைக் கழற்றலாம் என்று அவர்கள் பார்க்கவில்லை. சாதாரண 325 காரின் எஞ்சினை எடுத்து, அதை 3 லிட்டராக வளர்த்தார்கள். ஒரே தடுப்பிதழ், எளிய அமைப்பு, 240 ஹார்ஸ்பவர். பிரேக் தட்டும் எளிய ஒரே வார்ப்பு. சஸ்பென்ஷனிலும் உடலிலும் கைவைப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. 1995 மாடலாக வந்தபோது விலை 36,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. பத்திரிகைகள் கொண்டாடின, எதிர்பார்த்ததைவிட அதிகம் விற்றது. காகிதத்தில் நாற்பது ஹார்ஸ்பவருக்கு மேல் குறைவு. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் தொடுவதில் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள். வித்தியாசம் கடைசி ஆயிரம் சுற்றில்தான் இருந்தது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறவருக்கு அந்த ஆயிரம் சுற்று வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையில் அதைத் தொட்டால் போலீஸ்தான் வரும்.

இன்றும் சிலர் அந்தக் காரை ‘போலி எம்3’ என்று சொல்லக் கேட்கிறேன். 1994இல் கனடாவுக்கு மட்டும் ஐரோப்பிய எம்3 45 போயிற்று, அவற்றை நோக்கி ஏங்குகிறவர்களும் உண்டு. ஏங்கட்டும், அவை அருமையான கார்கள். ஆனால் அமெரிக்க எம்3ஐப் போலி என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆசிரியரும் இளம் பொறியாளரும் கடன் வாங்கி வாங்கக்கூடிய விலையில், பட்டறைச் செலவு கையைக் கடிக்காமல், லட்சம் மைலுக்கு மேல் ஓடுகிற எஞ்சினோடு ஓர் உண்மையான ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தார்களே, அதைவிட நேர்மையான எம்3 எது? விலை என்ற நிபந்தனையைக் கடைசியில் சந்திக்காமல், முதல் கோடு போடும்போதே மேசைமேல் வைத்துக்கொண்டு வரைந்தார்கள்.

அந்த நிபந்தனை நிரந்தரமாகவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் எம்3 இவ்வளவு விற்கும் என்று தெரிந்த பிறகு, 2000இல் அடுத்த தலைமுறை வந்தபோது பிஎம்டபிள்யூ இரண்டு எஞ்சின் செய்யவில்லை. ஆறு தடுப்பிதழோடு, 8,000 சுற்று வரை பாடுகிற அதே 3.2 லிட்டர் எஞ்சின் இரு கரைக்கும் போயிற்று. ஐரோப்பாவில் 343, அமெரிக்காவில் 333 என்று எழுதினார்கள். அந்தப் பத்திலும் பாதி, இரு கரையும் ஹார்ஸ்பவரை அளக்கும் முறையில் உள்ள வேறுபாடு. மீதிக்குக் காரணம் கன்வெர்ட்டர். எஞ்சினைக் கிளப்பியதும் அது சீக்கிரம் சூடாகிப் புகையைச் சுத்தம் செய்யவேண்டும் என்று அமெரிக்க விதி கேட்டது. அதனால் அங்கே போன காரில் கன்வெர்ட்டரை எஞ்சினுக்கு நெருக்கமாக, புகை வெளியேறும் முதல் குழாயிலேயே வைத்தார்கள்.